ஆறிடுச்சு, டாக்டரம்மா

புண்ணை அளக்க எங்களிடம் இருந்தது பழைய எக்ஸ்ரே ஃபிலிம். வாஷிங் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் மேலே இருக்கும் கறுப்பு உரிந்து கண்ணாடி மாதிரித் தாள் கிடைக்கும். அதை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, பாதத்துப் புண்ணின் மேல் வைத்து மார்க்கர் பேனாவால் ஓரம் வரைவோம். பிறகு அதைக் கிராஃப் தாள் மேல் வைத்து உள்ளே விழும் கட்டங்களை எண்ண வேண்டும். பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் ஒன்று. பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடலாம். தொண்ணூறுகளின் நடுவில், தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். இரவு டியூட்டியில் வார்டு அடங்கிய பிறகு கட்டம் எண்ணுவதுதான் வேலை. தூக்கத்திலும் எண்ணியிருக்கிறேன்.

என் ஆய்வேட்டின் கேள்வி எளிமையானது. சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணுக்குத் தேன் கட்டு நல்லதா, போவிடோன் அயோடின் கட்டு நல்லதா? ஓ.பி. சீட்டு எண் ஒற்றைப்படை என்றால் தேன், இரட்டைப்படை என்றால் அயோடின். ஆக, கட்டைப் பிரிப்பதற்கு முன்பே அடுத்தவருக்கு எது என்று எனக்குத் தெரியும். தீக்காயத்துக்குத் தேன் தடவி வளர்த்த அப்பாயியின் பேத்தி நான். எது வெல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். விரல் கறுத்து, நாடி கைக்கு அகப்படாத கால் ஒன்று ஒற்றைப்படைச் சீட்டோடு வந்தால், "ரத்த ஓட்டம் இல்லை, ஆய்வில் சேர்க்க வேண்டாம்" என்று எழுதினேன். அதே மாதிரிக் கால் இரட்டைப்படையில் வந்தபோது, நாடி லேசாகத் துடிக்கிற மாதிரி இருந்தது. சேர்த்துக்கொண்டேன்.

தேன் வென்றது. கைடு முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் ஒரு எண்ணைக்கூடத் திருத்தவில்லை, கட்டங்களை நேர்மையாகவே எண்ணினேன். தப்பு, எண்ணத் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. அது எனக்கு உறைக்கவே ஏழெட்டு வருஷம் ஆயிற்று. (தேனில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. என் ஆய்வேட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்கிறேன்.)

பின்னாளில் முறையான ஆய்வுகளில் வேலை செய்தபோதுதான் உறையின் அருமை தெரிந்தது. யாருக்கு எது என்பதை முன்பின் தெரியாத ஒருவர் கணினியில் குலுக்கிப் போட்டு, வரிசை எண் இட்ட தடித்த உறைகளில் ஒட்டி அனுப்புவார். நோயாளியைச் சேர்த்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் உறையைக் கிழிக்க வேண்டும். அதையும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்ப்பவர்கள் உண்டு, அதனால்தான் உள்ளே அலுமினியத் தாள் வைத்து ஒட்டுகிறார்கள். மருத்துவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று கை தானாகவே போகும். 2007இல் இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேடு வந்தது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி வேண்டிய ஆய்வுகளுக்கு 2009 முதல் அதில் பதிவது கட்டாயம். எதை அளக்கப்போகிறோம் என்று முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே ஊரறிய எழுதிவைத்துவிட வேண்டும். முடிவு வந்த பிறகு, "நாங்கள் பார்க்க நினைத்தது பரப்பளவை இல்லை, நாற்றத்தை" என்று மாற்றிப் பேச முடியாது.

நோயாளியிடம் சம்மதம் கேட்பதுதான் இதில் மிகவும் கஷ்டம். படிவத்தில் "ஆராய்ச்சி" என்ற சொல்லைப் பார்த்ததும் பாதிப் பேர் மகனைக் கூப்பிடுவார்கள். மீதிப் பேர் படிவத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "நீங்க எது நல்லதுன்னு நினைக்கீங்களோ அதையே போடுங்கம்மா" என்பார்கள். அப்போது நான் சொல்ல வேண்டிய பதில், "எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது, அதுக்குத்தான் இந்த ஆய்வு" என்பது. ஒரு முறை அப்படியே சொன்னேன். பெரியவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தெரிஞ்ச டாக்டர் எந்த ரூம்ல இருக்காங்க?" என்றார்.

சரி, மருந்தை விடுவோம். தொற்று இருக்கிறதா இல்லையா என்பதிலேயே சண்டை தொடங்குகிறது. திறந்த புண் எதுவானாலும் அதில் கிருமி இருக்கும். சோதனைக்கு அனுப்பினால் ஏதாவது வளரத்தான் செய்யும். அதனால் கிருமி வளர்ந்ததை வைத்துத் தொற்று என்று சொல்லக்கூடாது என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட விதி. வீக்கம், சிவப்பு, வலி, சூடு, சீழ் ஆகிய ஐந்தில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். சிவப்பு புண்ணைச் சுற்றி அரை சென்டிமீட்டருக்கு மேல் பரவியிருந்தால்தான் கணக்கு. 2 சென்டிமீட்டர் வரை, ஆழமாகப் போகாமல் இருந்தால் லேசானது. அதைத் தாண்டினாலோ, தசைநார், மூட்டு, எலும்பு என்று உள்ளே இறங்கினாலோ நடுத்தரம். காய்ச்சல், 90க்கு மேல் நாடித் துடிப்பு, மேல்மூச்சு, வெள்ளணு ஏற்றம் இவற்றில் இரண்டு சேர்ந்தால் கடுமையானது.

படிக்க அழகாக இருக்கிறது. மரத்துப்போன பாதத்தில் வலி எங்கிருந்து வரும்? ரத்தம் வராத பாதத்தில் சிவப்பும் சூடும் எங்கிருந்து வரும்? பாடப்புத்தகத்தில் இருக்கும் சிவப்பு வெள்ளைத் தோலின் சிவப்பு. எங்கள் ஊர் வெயிலில் நாற்று நட்ட காலில் அது தெரியாது. தோல் பளபளவென்று இறுகியிருக்கிறதா, சுருக்கம் மறைந்திருக்கிறதா, புறங்கையை வைத்தால் மற்றக் காலைவிடச் சுடுகிறதா என்றுதான் பார்க்கிறோம். அரை சென்டிமீட்டர் என்று ஸ்கேலை எங்கே வைப்பது? ஒரே பாதத்தைப் பார்த்து நான் "லேசானது" என்று எழுதினேன், இளைய சகா "நடுத்தரம்" என்று எழுதினார். இரண்டு பேரும் சாயங்காலம் வரை விட்டுக்கொடுக்கவில்லை. படிவத்தில் அந்த ஒரு சொல் மாறினால் நோயாளி ஆய்வுக்கு உள்ளே, அல்லது வெளியே.

புண்ணே இல்லாமல் பாதம் வீங்கிச் சிவந்து சுடுவதும் உண்டு. நரம்பு செத்த பாதத்தில் எலும்புகள் தெரியாமலே முறிந்து நொறுங்கும் சார்க்கோ பாதம் அது. மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுக்க வேண்டிய அந்தக் காலுக்கு வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருவருக்குப் போட்டிருக்கிறேன்.

மருந்தை மதிப்பிடுவது என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்டால் தவளைக் களிம்பின் கதையைச் சொல்வேன். 1987இல் அமெரிக்காவில் மைக்கேல் சாஸ்லாஃப் என்ற விஞ்ஞானி ஒன்றைக் கவனித்தார். ஆய்வுக்காக வயிற்றைக் கிழித்துத் தைத்து, மறுபடி அழுக்குத் தண்ணீரில் விட்ட ஆப்பிரிக்கத் தவளைகளுக்குப் புண் சீழ் பிடிக்கவில்லை. தவளைத் தோலில் சுரக்கும் ஒரு புரதத் துணுக்குதான் காரணம் என்று கண்டுபிடித்து, எபிரேய மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு மகாய்னின் என்று பெயர் வைத்தார். அதை ஒட்டிச் செய்த பெக்ஸிகனான் என்ற களிம்பை, சர்க்கரை நோயாளிகளின் லேசான பாதத் தொற்றுக்குப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஆய்வுகளிலுமாக 835 பேர். பாதிப் பேருக்குக் களிம்பு, பாதிப் பேருக்கு ஆஃப்லாக்ஸசின் மாத்திரை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணம். இனி மாத்திரையே வேண்டாம், பூசினால் போதும் என்று நாங்கள் எல்லாம் பூரித்தோம்.

1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தர மறுத்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. யோசிக்க யோசிக்கக் கோபம் தணிந்தது. இரண்டும் சமம் என்றால் இரண்டும் வேலை செய்தன என்று ஒரு பொருள் உண்டு. இரண்டுமே வேலை செய்யவில்லை, புண்ணைச் சுத்தம் செய்து அழுத்தத்தைக் குறைத்ததில் தானாகவே சரியாயிற்று என்று இன்னொரு பொருளும் உண்டு. வெறும் களிம்பு பூசிய மூன்றாவது கூட்டம் இல்லாமல் இதில் எது என்று சொல்ல முடியாது. பல வருஷம் கழித்து அந்த வெறும் களிம்பையும் வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 2016இல் முடிவு வந்தது. தவளைக் களிம்பு வெறும் களிம்பைத் தாண்டவில்லை. அதே வருஷம், புண்ணுக்குள் வைக்கும் ஜென்டாமைசின் பஞ்சும் அப்படியே தோற்றது.

இந்தத் தோல்விகளில் எனக்கு ஒரு குரூரத் திருப்தி உண்டு. அவை கட்டுப் போடும் அறைக்குக் கிடைத்த வெற்றி. நல்ல ஆய்வில், மருந்து கிடைக்காதவர்களுக்கும் செத்த சதையை வெட்டி எடுத்து, தினமும் கட்டு மாற்றி, பாதத்தைத் தரையில் ஊன்றாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதிலேயே பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். மிச்சம் இருக்கும் கொஞ்சத்தில்தான் மருந்து தன் பங்கைக் காட்ட வேண்டும். நடுத்தர, கடுமையான தொற்றுகளில் 586 பேரை வைத்து எர்டாபெனமையும் பைப்பராசிலின்-டாசோபாக்டமையும் ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வந்தது. ஊசி நிறுத்திய நாளில் நல்ல நிலையில் இருந்தவர்கள் 94 சதவீதம், 92 சதவீதம். விற்பனைப் பிரதிநிதி அந்த 94ஐப் பெரிய எழுத்தில் அச்சடித்த அட்டையை என் மேசையில் வைத்தார். என் வார்டில் ஏன் 94 வருவதில்லை என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பேனா கொடுத்தார்.

ஏன் வருவதில்லை என்பது எனக்கே தெரியும். ரத்த ஓட்டம் மோசமானவர்களையும் சிறுநீரகம் கெட்டவர்களையும் இத்தகைய ஆய்வுகள் வாசலிலேயே வடிகட்டிவிடுகின்றன. எங்களிடம் வருபவர்கள் மூன்று வாரம் வீட்டில் பச்சை எண்ணெய் போட்டுப் பார்த்து, கணுக்கால் வரை நாறிய பிறகு ஆட்டோவில் வருகிறார்கள். பச்சை எண்ணெய் என்பது மத்தன் தைலம். ஊமத்தைச் சாறும் தேங்காயெண்ணெயும் துருசும் சேர்ந்தது. அதை நான் திட்டுவதில்லை. துருசு செம்பு உப்பு, கிருமிக்கு ஆகாதது. மேலாகப் படர்ந்த புண்கள் சில அதில் நன்றாக ஆறியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் கண்ணால் கண்டதை வைத்துத்தானே நான் தேனையும் ஜெயிக்கவைத்தேன்? உறையும் குலுக்கலும் அதற்கும் வேண்டும்.

கிருமிகளும் வேறு. மேல்நாட்டுப் புத்தகங்களில் பாதப் புண் என்றால் ஸ்டாஃபிலோகாக்கஸ். நம் வெப்பத்தில் சூடோமோனாஸ், ஈ-கோலை, க்ளெப்சியெல்லா, புரோட்டியஸ் வகையறாக்கள் பந்திக்கு முந்துகின்றன. அதிலும் சாம்பிளை எப்படி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து ரிப்போர்ட் மாறும். பஞ்சுக் குச்சியால் மேலே ஒற்றி எடுத்தால் மேலே குடியிருப்பவர்கள்தான் வருவார்கள். புண்ணைக் கழுவி, சுரண்டி, அடியிலிருந்து ஒரு துண்டு சதையை எடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் கட்டு அறையின் ஆண் செவிலிய உதவியாளர், எம்.என்.ஏ. அண்ணன், இதை மாணவர்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்: "பானைத் தண்ணிய மேலாப்புல மொண்டுட்டு அடியில வண்டல் இல்லைன்னு சொல்லாதீங்க தம்பி."

இப்போது எலும்பு. முனை மழுங்கிய மெல்லிய எஃகுக் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டால், சதையில் மெத்தென்று நிற்கும். எலும்பில் பட்டால் கட்டியாக, கரகரப்பாக, பல்லில் கல் கடிபட்டது போலக் கைக்குத் தெரியும். ஒரு தடவை தெரிந்துவிட்டால் மறக்காது. 1995இல் வெளியான ஓர் ஆய்வு, கம்பி எலும்பைத் தொட்டால் 100க்கு 89 பேருக்கு எலும்பில் தொற்று இருந்ததாகச் சொன்னது. நாங்கள் அதை வேதமாக எடுத்துக்கொண்டோம். 2007இல் இன்னொரு ஆய்வு, அதே கம்பி, அதே சோதனை: 57 சதவீதம். முதல் ஆய்வு கடுமையான தொற்றோடு படுக்கையில் சேர்ந்தவர்களைப் பார்த்தது, இரண்டாவது வெளிநோயாளிகளைப் பார்த்தது, அவ்வளவுதான் வித்தியாசம். எலும்புத் தொற்று நிறைய இருக்கும் இடத்தில் கம்பியின் சொல்லை நம்பலாம். குறைவாக இருக்கும் இடத்தில் "இல்லை" என்று அது சொல்வதை நம்பலாம்: எலும்பு தட்டாவிட்டால் 98 சதவீதம் தொற்று இல்லை. இது புரிந்த நாளில், பத்து வருஷமாக ஓ.பி.யில் நான் எத்தனை விரல்களுக்கு அவசரப்பட்டிருப்பேன் என்று நினைத்து இரவு சாப்பாடு இறங்கவில்லை.

எலும்பில் தொற்று வந்தால் எவ்வளவு நாள் மருந்து? என் ஆசிரியர்கள் 3 மாதம் என்றார்கள், அவர்களின் ஆசிரியர்கள் சொன்னதால். நானும் அப்படியே எழுதினேன். வாந்தியும் வயிற்றுப்போக்குமாக நோயாளிகள் பாதியில் விட்டுவிட்டு, விட்டதைச் சொல்லாமல் வருவார்கள். 2015இல் பிரான்சில் 40 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 6 வாரம், மறு பாதிக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 6 வாரத்தில் 20க்கு 12 பேர், 12 வாரத்தில் 20க்கு 14 பேர் தேறினார்கள். நாற்பதே பேர்! ஒரு கல்யாண வேனில் ஏற்றிவிடலாம். இரண்டு பேர் வித்தியாசத்தை ஒன்றும் இல்லை என்று சொல்ல அந்த எண்ணிக்கை போதாது, கறாராகப் பார்த்தால். இருந்தாலும் அதைப் படித்த பிறகு நான் 3 மாதம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். 3 மாதம் என்ற கணக்குக்குப் பின்னால் அந்த 40 பேர்கூட இருந்ததில்லையே. அறுவை சிகிச்சையா, 90 நாள் ஆன்டிபயாடிக்கா என்று மாட்ரிட்டில் ஒப்பிட்ட ஆய்விலும் 52 பேர்தான். அதிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று வந்தபோது, கத்தி பிடித்த எங்களில் பலருக்கு முகம் சுருங்கியது.

எலும்பு ஆறிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? எக்ஸ்ரே இரண்டு மூன்று வாரம் பின்தங்கி வரும். எம்.ஆர்.ஐ. படத்தில் மாற்றங்கள் மாதக்கணக்கில் மறையாது. அதனால் குணம் என்ற சொல்லையே தவிர்த்து, அடங்கியிருக்கிறது என்கிறார்கள். மருந்து நிறுத்திக் குறைந்தது 6 மாதம் பார்த்துவிட்டே அதையும் சொல்ல வேண்டும். நான் ஒரு வருஷம் பார்ப்பேன்.

நடுவில் சில காலம் நான் மறைநோக்கு மதிப்பீட்டாளராக இருந்தேன். வேறொருவர் வைத்தியம் செய்வார். யாருக்கு எந்த மருந்து என்று எனக்குத் தெரியாது. கட்டைப் பிரித்துக் கழுவிய பிறகு உள்ளே போய்ப் புண்ணை மட்டும் பார்த்துவிட்டு, ஆறியது, குறைந்தது, அப்படியே இருக்கிறது, மோசம் என்று நாலில் ஒன்றை எழுத வேண்டும். பெயர் கேட்கக்கூடாது, பேச்சுக் கொடுக்கக்கூடாது. நம் ஊரில் இது நடக்கிற காரியமா? கால் பக்கம் குனிந்தால் தலைக்கு மேலிருந்து குரல் வரும்: "அந்த மஞ்சக் களிம்பு மாத்தினதுல இருந்து நல்லா கேக்குதும்மா." வாயில் விரலை வைத்து எச்சரித்தால், "சரி சொல்லலை, ஆனா வெள்ளைய விட மஞ்சதான்" என்பார்கள். அந்த வருகையை எல்லாம் மறைப்பு குலைந்தது என்று தனியாகக் குறித்துவைத்தோம். பிறகு சிஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். நான் வரும்போது நோயாளியின் வாயில் தெர்மாமீட்டர்.

நன்றாக இல்லை என்று நம் மக்கள் மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள் என்பதும் ஒரு தொல்லை. அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து, வைத்தியம் பார்த்தவரை நோகடிப்பதா என்று ஒரு மரியாதை. "எப்படி இருக்கு?" என்றால் "தேவலை." சீழ் சொட்டும்போதும் தேவலை.

ஆறாம் மாத வருகைக்கு வராதவர்களில் ஒருவர் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். நெல் அறுப்பு, பங்குனி உத்திரம் என்று சிலர் தவறுவார்கள், தேடிப் பிடித்தால் வந்துவிடுவார்கள். இவர் வரவேயில்லை. ஆய்வில் விட்டுப்போனவர்களை விட்டுப்போனவர்களாகவே எழுதிவிட்டால், மருந்து நல்லதாகத் தெரிவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆறாதவர்கள்தான் நின்றுபோகிறவர்கள். பக்கத்துப் பலசரக்குக் கடையின் எண் எங்களிடம் இருந்தது. கூப்பிட்டேன், அரைமணி கழித்து அவர் லைனில் வந்தார்.

"புண்ணு எப்படி இருக்குங்கய்யா?"

"ஆறிடுச்சு, டாக்டரம்மா. சுத்தமா ஆறிடுச்சு."

"அப்ப ஒரு நடை வந்து காட்டிட்டுப் போங்க."

"வரலாம்மா. கட்டை இன்னும் பழகலை. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்கல்ல. தை மாசம். தையலு நல்லா ஆறிடுச்சு."

வேறு ஊரில் வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுக்க வேண்டியிருந்ததா என்று சொல்ல நான் அங்கே இல்லை. படிவத்தில் "புண் தற்போது: உள்ளது / இல்லை" என்று இருந்தது. இல்லை என்று எழுதினால் அது பொய் இல்லை. கீழே ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி, ஆய்வு அலுவலகத்துக்குத் தனியாகக் கடிதம் போட்டேன். காலை எடுத்தால் அது தோல்வி என்று அடுத்த பதிப்புப் படிவத்தில் ஒரு வரி சேர்ந்தது.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, களிம்பு ஊசி விவகாரங்களில் என் ஆர்வம் குறைந்து, காலை எதன்மேல் ஊன்றுகிறார்கள் என்பதில் போய் நின்றது. அது வேலூரில் தொடங்கிய கதை. பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கை கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அதே இடத்தில் மறுபடி மறுபடி ஊன்றித் தேய்ந்து போகின்றன என்று கண்டவர் அவர். புண்ணான பாதத்தை மாவுக்கட்டுக்குள் வைத்து, எடை பாதம் முழுவதும் பரவும்படி செய்தால், மருந்தே இல்லாமல் ஆறியது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று எல்லோரும் சொல்லும் நுண்துளை ரப்பர் செருப்பும் அந்தத் தொழுநோய்ப் பணியில் வளர்ந்ததுதான். 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பார்த்தால், வேலூரில் பார்த்த அதே புண், அதே இடம்.

அந்த மாவுக்கட்டை முறையாக மதிப்பிட்ட ஆய்வு 2001இல்தான் வந்தது. 63 பேர், 12 வாரம். முழு மாவுக்கட்டில் 90 சதவீதம் பேருக்கு ஆறியது. கழற்றி மாட்டும் பூட்ஸில் 65 சதவீதம், அரைச் செருப்பில் 58 சதவீதம். பூட்ஸும் அழுத்தத்தை ஏறக்குறைய அதே அளவு குறைக்கும். பின்னே ஏன் இந்த வித்தியாசம்? 2003இல் பூட்ஸிலும் இடுப்பிலும் அடி எண்ணும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். ஒரு நாளில் நடந்த அடிகளில் 28 சதவீதம்தான் பூட்ஸோடு. மாவுக்கட்டைக் கழற்ற முடியாது, அவ்வளவுதான் அதன் மகிமை. புண்ணில் தொற்று இருக்கும்போதும் ரத்த ஓட்டம் கெட்டிருக்கும்போதும் மாவுக்கட்டைப் போடவும் முடியாது. எங்கள் ஓ.பி.யில் பெரும்பாலும் எம்.சி.ஆர். செருப்புத்தான் எழுதுவோம். அட்டையில் ஒரு வரி இருக்கும்: "சிறப்புக் காலணி: வழங்கப்பட்டது." அதற்கு டிக்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் வடை போடும் அக்கா ஒருவர். கட்டைவிரலுக்கு அடியில் புண், எலும்பு வரை. 6 வாரம் மருந்து, ஒரு சின்ன எலும்புத் துண்டு எடுத்தல், பிறகு செருப்பு. ஒரு வருஷம் முடிந்து கடைசி வருகை. தோல் மூடியிருந்தது, எக்ஸ்ரே அமைதியாக இருந்தது, தொட்டால் சூடு இல்லை. ஆனால் புண் இருந்த இடத்தைச் சுற்றி மறுபடி காய்ப்பு கட்டத் தொடங்கியிருந்தது, நடுவில் அரிசி அளவுக்கு ரத்தம் கட்டிய கறுப்பு. ஆறியது என்று எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"செருப்புப் போடுறீங்களாக்கா?"

"போடாமயா? நீங்க குடுத்ததைத்தான் போட்டுக்கிட்டு வந்தேன்."

"எங்க?"

"வெளிய விட்டிருக்கேன்."

எழுந்து போய்ப் பார்த்தேன். வாசலில் ஏழெட்டு ஜோடிகளுக்கு நடுவில் அந்தச் செருப்பு. வாங்கி ஒரு வருஷம் ஆகியும் அடியில் ஒட்டியிருந்த அளவுச் சீட்டு இன்னும் கிழியவில்லை. நிமிர்ந்தால், எங்கள் பாத சிகிச்சைப் பிரிவின் கதவில், நீலத்தில் வெள்ளை எழுத்தாக, "காலணிகளை வெளியே விடவும்." எத்தனையோ வருஷமாக அந்தப் பலகைக்குக் கீழே நுழைந்துதான் நான் வேலைக்குப் போயிருக்கிறேன்.

எம்.என்.ஏ. அண்ணனைக் கூப்பிட்டு ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரச் சொன்னேன். அவர் பலகையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அக்காவைப் பார்த்து, "செருப்பைப் போட்டுக்கிட்டு உள்ள வாங்க" என்றேன்.

அக்கா நகரவில்லை. சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி, நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐயையோ, உள்ளயா?" என்றார்.